டிங்கரிங்: பசுமை வண்டியும் பறிபோகும் கைகளும்

1

குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையோரத்தில் 'டிங்கரிங் - பெயிண்டிங்' என்று எழுதிய பலகைகளை இன்றும் பார்க்கலாம். அடிபட்டு நசுங்கிய வண்டியின் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கும் வேலைக்கு நம் ஊரில் டிங்கரிங் என்று பெயர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய பையன்கள் இந்தப் பட்டறைகளில் எடுபிடியாகச் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, ஏச்சு வாங்கி, தொழில் கற்றுக்கொண்டார்கள். இதைக் கல்வி என்று யாரும் சொன்னதில்லை. 'ஒழுங்காப் படிக்கலேன்னா மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போவே' என்பது நம் வீடுகளில் பிள்ளைகளை மிரட்டுவதற்கான வாக்கியம்.

2016இல் மத்திய அரசின் நிதி ஆயோக் அடல் புத்தாக்கத் திட்டத்தைத் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை உள்ள மாணவர்கள் தம் கையால் பொருள்களைச் செய்து பார்க்கப் பள்ளிகளில் கூடங்கள் அமைப்பது அதன் ஒரு பகுதி. ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய்வரை மானியம். முப்பரிமாண அச்சு இயந்திரம், சென்சார்கள், ரோபோ உதிரிகள் எல்லாம் உண்டு. இந்தக் கூடத்துக்கு அரசு வைத்த பெயர் 'அடல் டிங்கரிங் லேப்'.

ஒரே சொல். பட்டறையில் அது தோல்வியின் அடையாளம், பள்ளியில் மேதைமையின் அடையாளம். ஆங்கிலத்திலும் இச்சொல்லுக்குக் கௌரவமான பிறப்பு கிடையாது. ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுத்து ஊர் ஊராகத் திரிந்தவர்களை இழிவாகச் சுட்டிய பெயர் அது. அயர்லாந்தின் நாடோடி மக்கள்மீது வசையாகவும் எறியப்பட்டது. வசையாக இருந்த ஒரு சொல் எப்போது, யார் கைக்கு வரும்போது விருதாகிறது? சுற்றுச்சூழலுக்கு உகந்த வண்டிகளைத் தாங்களே செய்யும் பதின்வயதினரைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2

நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரு வகைச் செய்தி தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. பதினைந்து, பதினாறு வயது மாணவன். பழைய சைக்கிளில் மோட்டாரும் பேட்டரியும் பூட்டி 'மாசில்லா வாகனம்' செய்துவிட்டான். இதைச் செய்தி என்பதைவிட ஒரு கதைவடிவம் என்பதே பொருந்தும். ருஷ்ய நாட்டார் கதைகளுக்கு விளாதிமிர் ப்ராப் 1928இல் செய்ததைப்போல இதற்கும் உறுப்புகளைப் பட்டியலிட்டுவிடலாம். முதலில் வறுமை. அடுத்து காயலாங்கடை. பிறகு யூடியூப். செலவான தொகை. ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர். பள்ளித் தலைமையாசிரியரின் பெருமிதம், மாவட்ட ஆட்சியரின் பாராட்டு, கடைசியில் 'அரசு உதவினால் இன்னும் பெரிதாகச் செய்வேன்' என்கிற ஒற்றை வாக்கியம். புகைப்படத்தில் பையன் வண்டிமேல் உட்கார்ந்திருப்பான். அப்பா பின்னால் நிற்பார், கை கட்டி.

இந்தக் கதையாடலில் இல்லாதவர்களைக் கவனிப்பது அவசியம். வெல்டிங் மிஷினைக் கொடுத்து 'கண்ணாடி போட்டுக்கடா' என்று அதட்டிய பட்டறைக்காரர் இல்லை. புதுப்பேட்டையில் பழைய ஷாக் அப்சர்பரைப் பேரம் பேசி வாங்கித் தந்த மாமா இல்லை. ரிச்சி தெருவில் எந்த கண்ட்ரோலர் எந்த மோட்டாருக்குச் சேரும் என்று சொல்லிக்கொடுத்த கடைப் பையன் இல்லை. வண்டி பலபேருடைய அறிவு ஒன்று சேர்ந்த இடம். செய்தியோ அதை ஒரே மண்டைக்குள் தோன்றிய பொறியாக மாற்றுகிறது. உழைப்பின் கூட்டுத்தன்மையை அழித்துவிட்டுத் தனிமனிதனை வடிப்பது முதலாளியச் சொல்லாடலின் பழைய வேலை. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவுக்கும் இதுதான் நடந்தது. ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் பூட்டிய இளைஞரை 'அதிசய மனிதர்' ஆக்கினோம். அதிசயம் என்று சொல்லிவிட்டால் பிறகு அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, கையெடுத்துக் கும்பிட்டால் போதும்.

இன்னொன்று: செய்தி எப்போதும் வண்டி சாலைக்கு வருவதற்கு முன்னால் முடிந்துவிடுகிறது. அடுத்த மாதம் அந்த வண்டி என்ன ஆயிற்று, அடுத்த வருஷம் அந்தப் பையன் என்ன ஆனான் என்று எழுதிய ஒரு செய்தியையும் நான் வாசித்ததில்லை.

3

இந்த வார்ப்பில் முழுக்க அடங்காத ஒரு வண்டி திருவண்ணாமலையில் உருவானது. வினிஷா உமாசங்கர் என்ற பள்ளி மாணவி 2019இல், அப்போது வயது பன்னிரண்டு, சூரிய மின்சாரத்தில் இயங்கும் இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்தார். தெருவில் துணி தேய்க்கும் ஒருவர் எரிந்து முடிந்த கரியைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்ததில் பிறந்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். மிதித்து ஓட்டும் வண்டி, கூரையில் சூரியத் தகடுகள், கீழே பேட்டரி. ஐந்து மணிநேர வெயிலில் ஆறு மணிநேரம் துணி தேய்க்கலாம். தேசியப் புத்தாக்க நிறுவனம் முன்மாதிரியைச் செய்ய உதவியது. 2020இல் ஸ்வீடனின் குழந்தைகள் பருவநிலை விருது. 2021இல் பிரிட்டனின் எர்த்ஷாட் பரிசுக்கான இறுதிப் பட்டியல். அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடையில் உலகத் தலைவர்களின் வெற்று வாக்குறுதிகள்மீது தன் தலைமுறைக்கு இருக்கும் கோபத்தைச் சொன்னார்.

இந்த வண்டியை நான் மதிக்கிறேன். காரணம் எளிது. பெரும்பாலான 'பசுமை வண்டி'கள் மோட்டார் சைக்கிளையோ காரையோ போலி செய்கின்றன. வேகம்தான் அவற்றின் கனவு. இது ஒரு தொழிலாளியின் நாளை எடுத்துக்கொண்டு யோசிக்கிறது. கரித்துண்டின் விலை, கங்கின் புகை, நெருப்புப் பெட்டியின் பாரம், நாளெல்லாம் நிற்கும் கால் ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறது. இங்கே வண்டி என்பது ஓர் உழைப்புக் கருவி.

ஆனால் இந்த வண்டியைச் சுற்றி எழுந்த எழுத்து வேறு. அதில் கரி இருக்கிறது, மரம் இருக்கிறது, நுரையீரல் இருக்கிறது. சாதி இல்லை. தமிழ்நாட்டில் துணி தேய்க்கும் வேலையில் இருப்பவர்களில் கணிசமானோர் யார், ஏன் அவர்கள், அந்தப் பெட்டி எப்படி அவர்கள் கைக்கு வந்தது என்பது ஆங்கிலப் பத்திரிகைக்குத் தெரியாமல் இருக்கலாம், நமக்குத் தெரியாதா? 1994இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலின் ஆரோக்கியத்தைப் படித்தவர்கள் நாம். புதிரை வண்ணார் பெண்ணின் முதுகில் ஏறிய துணிமூட்டை கரி போனதும் இறங்கிவிடுமா? பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை சலவைத் தொழிலாளருக்கு இலவசத் தேய்ப்புப் பெட்டி கொடுத்துவருகிறது. பெட்டி கொடுப்பதன் வழியாகவே 'இது உன் வேலை' என்று அரசு திரும்பச் சொல்கிறது. பெட்டியைப் பசுமையாக்குவது ஒன்று, பெட்டியிலிருந்து விடுபடும் உரிமை வேறொன்று. முதலாவதைக் கொண்டாடும் குரல் இரண்டாவதை மறக்கடிக்கக் கூடாது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. நான் கேட்பது அந்தப் பிள்ளையைச் சுற்றிக் கைதட்டிய பெரியவர்களிடம். இஸ்திரி போடுகிறவர் ஒருவரையாவது அந்த மேடைகளில் ஏற்றி 'இந்த வண்டில இன்னும் என்ன வேணும்?' என்று ஏன் கேட்கவில்லை? அவர் இந்தக் கதையில் கரி கொட்டுபவராக வருகிறார், பயனாளியாக வருகிறார். அறிவுள்ளவராக வரவே இல்லை.

4

லெவிஸ்ட்ராஸ் 1962இல் எழுதிய நூலில் இரண்டு உருவங்களை எதிரெதிரே நிறுத்தினார். ஒருவர் பொறியாளர், திட்டம் போட்டு, அதற்கேற்ற பொருளையும் கருவியையும் வரவழைத்துக்கொள்பவர். மற்றவர் 'ப்ரிகோலர்', கையில் கிடைத்த மிச்சம் மீதியை வைத்து ஒப்பேற்றுபவர். நம் பட்டறை மொழியில் இந்த இரண்டாமவருக்கு நல்ல பெயர் உண்டு: 'அட்ஜஸ்ட் பண்ணிக் குடுப்பாரு.' 1966இல் தெரிதா இந்த எதிர்நிலையைக் கலைத்தார். தானே முழுவதையும் புதிதாகப் படைக்கும் பொறியாளர் என்பவர் ஒரு தொன்மம், எல்லோருமே கிடைத்ததை வைத்துக் கட்டுபவர்கள்தான் என்றார்.

ஒரகடம் சாலையில் நின்று பார்த்தால் இது வெறும் தத்துவம் அல்ல என்பது புரியும். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் ஊன்றியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. டைம்லர், ராயல் என்ஃபீல்டு, யமஹா என்று வரிசை நீண்டது. இந்த ஆலைகள் எவையும் காரை முழுசாகச் 'செய்வதில்லை'. எங்கெங்கிருந்தோ வரும் ஆயிரக்கணக்கான உதிரிகளைக் கோத்துப் பூட்டுகின்றன. மின்கார் என்றால் அதன் பேட்டரிச் செல் பெரும்பாலும் கிழக்காசியாவிலிருந்து கப்பலில் வரும். அதாவது பெருமுதலாளியும் ஒரு ப்ரிகோலர்தான். காயலாங்கடை மட்டும் உலகளவு. அவர் ஒப்பேற்றுவதற்குப் பெயர் உற்பத்தி. புதுப்பேட்டைச் சாமானில் பையன் செய்வதற்குப் பெயர் ஒப்பேற்றல். வித்தியாசம் அறிவில் இல்லை, சான்றிதழில் இருக்கிறது.

சான்றிதழைக் கொஞ்சம் பார்ப்போம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன்படி, 250 வாட்டுக்குக் குறைந்த திறன், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத எடை உள்ள மின்வண்டி மோட்டார் வாகனமே அல்ல. பதிவு வேண்டாம், உரிமம் வேண்டாம். 'அடேயப்பா, அப்ப பையன் செய்யலாமே!' என்று தோன்றும். ஆனால் அப்படி 'அல்லாதது' என்று ஆவதற்கும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று பார்த்துச் சான்று தர வேண்டும். மோட்டார் வாகனம் இல்லை என்பதற்கும் மோட்டார் வாகனங்களைச் சோதிக்கும் இடத்துக்குப் போயாக வேண்டும். ஏற்கெனவே உள்ள வண்டியை மாற்றலாமா? தயாரிப்பாளர் குறிப்பிட்ட வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு மூன்று வருஷம்வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

இந்தச் சட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரேக் பிடிக்காத வண்டி ஏழை செய்ததாக இருந்தாலும் ஏழையைத்தான் கொல்லும். நான் சுட்டுவது ஒரு முரணை. ஆட்சியர் அலுவலகத்தில் பாராட்டுப் பெறும் அதே வண்டி வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தால் குற்றப் பொருள்.

இதற்கு நம் நகரத்திலேயே முன்னோடி இருக்கிறது. சென்னையின் மீன்பாடி வண்டி. மூன்று சக்கர மிதிவண்டியில் கழித்துக்கட்டிய மொபெட் எஞ்சினையோ ஸ்கூட்டர் எஞ்சினையோ பூட்டி, பாரம் ஏற்றி, வடசென்னையின் சந்துகளில் ஓட்டிய உழைப்பாளிகள் பெரியவர்கள். அவர்களுக்கு ஆட்சியர் சால்வை போர்த்தவில்லை, போலீஸ் வண்டியைப் பிடித்துக்கொண்டு போனது. வட இந்தியாவில் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினைப் பலகை வண்டியில் பூட்டிய 'ஜுகாட்'டும் சட்டத்தின் முன் பதிவில்லாத வண்டிதான். ஆனால் அந்தச் சொல்லை எடுத்து 2012இல் மேலாண்மை நூல் ஒன்று வந்தது. 'ஜுகாட் புத்தாக்கம்' என்று நிறுவனங்களுக்கு அது பாடம் சொன்னது. வண்டிக்குத் தடை, சொல்லுக்கு ராயல்டி. பெயர் வைப்பதிலும் இந்த இடைவெளி தெரிகிறது. சென்னை ஐ.ஐ.டி. மாணவர் குழு 2023இல் வெளியிட்ட சூரிய மின்காரைச் செய்த அணியின் பெயர் 'அக்னிரத்'. ஒன்று ரதம். மற்றது மீன்பாடி.

5

எங்கள் தெருப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அம்மா, அறை எடுத்துத் தங்கியிருக்கும் கம்பெனிப் பையன்களுக்குச் சாப்பாடு செய்து கொடுப்பவர். காலை ஷிஃப்டுக்கு முன்னால் முப்பது, நாற்பது டப்பா. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. பழைய மூன்று சக்கர சைக்கிள் ஒன்றை இவன் வாங்கி வந்தான். வயது பதினாறு. கெட்டுப்போன லேப்டாப் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் உருளைச் செல்களை ஒவ்வொன்றாக அளந்து, தேறியதைத் தனியே வைத்தான். பதின்மூன்று செல் வரிசையாகச் சேர்ந்தால் 48 வோல்ட். அதுபோல இணைகளைச் சேர்த்து, பக்கத்துப் பட்டறையில் சட்டம் வெல்ட் வைத்து, பின்சக்கரத்தில் மோட்டார் மாட்டினான். ஒரு தடவை செல் சூடாகிப் புகைந்து வீட்டு வாசலில் மணலைக் கொட்டினோம். அதற்குப் பிறகு பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புப் பலகையை வாங்காமல் தொடமாட்டேன் என்றான். அந்தப் பயத்தைவிடப் பெரிய பாடம் எந்த லேபிலும் கிடையாது. கூடவே சொல்ல வேண்டியது, அந்தப் பாடத்தை உயிரைப் பணயம் வைத்துக் கற்க வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

வண்டி ஏழெட்டு மாதம் ஓடியது. படம் எடுத்துப் போட்டார்கள். பிறகு ஒருநாள் சோதனையில் பிடிபட்டது. கெஞ்சிக் கூத்தாடி மீட்டதும் அம்மா மோட்டாரைக் கழற்றச் சொல்லிவிட்டார். 'போட்டோ புடிக்க வந்தப்ப நல்ல வண்டி, இப்ப கெட்ட வண்டியாக்கா?' என்று அந்த அம்மா பக்கத்து வீட்டில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பையன் ஐ.டி.ஐ. முடித்தான். ஓர் ஆலையில் பயிற்சியாளனாகச் சேர்ந்தான். ஆலையின் பெயர் இங்கே முக்கியமில்லை, எல்லாம் ஒரே அச்சு. தலைக்கு மேலிருந்து தொங்கும் கருவியால் நாலு போல்ட்டை முறுக்க வேண்டும். சரியான அழுத்தம் வந்ததும் கருவியே 'பீப்' என்று சொல்லி நின்றுவிடும். அடுத்த வண்டி. அடுத்த நாலு போல்ட். எப்படிடா இருக்கு வேலை என்று கேட்டேன். 'கை வேலை செய்யுதுண்ணா, நான் சும்மா நிக்கிறேன்' என்றான்.

திட்டமிடும் மூளையையும் செய்யும் கையையும் பிரிப்பதே நவீன முதலாளிய உற்பத்தியின் உட்கரு என்று ஹாரி பிரேவர்மன் 1974இல் ஒரு நூல் முழுக்க எழுதினார். எங்கள் பையன் அதை ஆறு சொல்லில் சொன்னான். பதினாறு வயதில் செல்லை அளந்து, சுற்றை யோசித்து, எடையைக் கணக்கிட்டு வண்டி செய்தவனுக்குப் பத்தொன்பதில் நாலு போல்ட். எங்கே போயிற்று மீதி அறிவு? 'திறன் மேம்பாடு' என்ற பெயரில் நடப்பது இந்தக் கழித்தல் கணக்கு.

'பயிற்சியாளர்' என்ற சொல்லையும் கட்டுடைத்துப் பார்க்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம் 18ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: பயிற்சியாளர் தொழிலாளர் அல்ல. 2013இல் வந்த 'நீம்' திட்டமும் அதே வழியில் பயிற்சி பெறுபவரை ஊழியரல்லாதவராக வைத்தது. இந்தச் சாலையின் ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளரின் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்பவர்களில் எத்தனையோ பேர் சட்டத்தின் மொழியில் மாணவர்கள். மோட்டார் வாகனம் அல்லாத வண்டி, தொழிலாளர் அல்லாத தொழிலாளர். இந்த 'அல்ல'களின் மேல்தான் இந்தத் தொழில்தடம் நிற்கிறது. 2018இல் யமஹா, ராயல் என்ஃபீல்டு, மியோங் ஷின் தொழிலாளர்கள் ஒரே சமயத்தில் போராடியதையும், 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்தைக் கேட்டு 37 நாள் வேலையை நிறுத்தி உட்கார்ந்ததையும் 'அல்ல' என்பதை மறுத்த குரல்களாகவே நான் வாசிக்கிறேன். 2014இல் நோக்கியா மூடியபோதும், 2021இல் ஃபோர்டு வெளியேறுவதாக அறிவித்தபோதும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட கைகளில் இருந்த அறிவை எந்தப் புத்தாக்கத் திட்டமும் கணக்கெடுக்கவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தத் தடத்தின் மின்னணு ஆலைகள் இளம்பெண்களின் விரல்களால் ஓடுகின்றன. ஆனால் குன்றத்தூர்ப் பட்டறை எதிலும் ஒரு பெண்ணின் கையில் ஸ்பேனரை நான் பார்த்ததில்லை. கன்வேயருக்குப் பெண் கை வேண்டும். தன் விருப்பத்துக்கு ஒன்றைக் கழற்றிப் பூட்ட அதே கைக்கு அனுமதியில்லை. திருவண்ணாமலைப் பெண்ணின் வண்டி அபூர்வமாகத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

6

வேறு மாதிரி நடக்க வாய்ப்பே இல்லையா? அமெரிக்காவில் மேற்கு பிலடெல்பியா உயர்நிலைப் பள்ளியில் நடந்ததை நம் நண்பர்கள் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் கறுப்பின, வறிய குடும்பங்களின் பிள்ளைகள் படித்த அரசுப் பள்ளி. அங்கே வாகனத் தொழிற்பிரிவு மாணவர்களோடு சைமன் ஹாகர் என்ற ஆசிரியர் 1998இல் பள்ளி முடிந்த பிறகு ஒரு மின் கோ-கார்ட் செய்யத் தொடங்கினார். அங்கிருந்து வளர்ந்து, அந்தப் பிள்ளைகள் கலப்பின எரிபொருள் கார்களைச் செய்தார்கள். மொத்தம் ஒரு கோடி டாலர் பரிசுள்ள வாகனப் போட்டியில் 2010இல் நிறுவனங்களோடும் பல்கலைக்கழகங்களோடும் மோதிப் பல சுற்றுகளைத் தாண்டிய பிறகே வெளியேறினார்கள்.

இதில் என்னைக் கவர்ந்தது வெற்றி தோல்வி அல்ல. 'மக்குப் பிள்ளைகள்' என்று மெக்கானிக் பிரிவில் தள்ளப்பட்டவர்கள்தான் அந்த அணி. அதாவது டிங்கரிங்கின் இரண்டு அர்த்தங்களுக்கும் இடையே இருந்த சுவரை அங்கே இடித்தார்கள். 'மேதை' யாரும் இல்லை. பெயர் அணிக்குத்தான். பிறகு 2013இல் செய்முறையையே பாடத்திட்டமாகக் கொண்ட பொதுப்பள்ளி ஒன்று அந்த அனுபவத்திலிருந்து உருவானது. நம்மிடம் தனியாள் செய்த வண்டி விருதில் முடிகிறது. அங்கே அணி செய்த வண்டி ஒரு பள்ளியில் முடிந்தது.

நம் ஊரில் இதற்கான பொருள்கள் எல்லாமே இருபது, முப்பது கிலோமீட்டருக்குள் கிடக்கின்றன என்பதுதான் கொடுமை. திருமுடிவாக்கத்தில் சிட்கோ தொழிற்பேட்டை; லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த நூற்றுக்கணக்கான கைகள். ஒரகடத்தில் மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம். மேலே சொன்ன சான்றைத் தரும் வகையைச் சேர்ந்த பொது நிறுவனம். நடுவே அரசுப் பள்ளிகளும் ஐ.டி.ஐ.களும். இவை ஒன்றோடொன்று பேசுவதில்லை. மக்கள் பணத்தில் கட்டிய சோதனை ஓடுதளத்தில் பன்னாட்டு நிறுவனத்தின் கார் ஓடலாம், பக்கத்து ஊர்ப் பையனின் சைக்கிள் ஓட வழியில்லை.

7

'பசுமை' என்ற அடைமொழியைத் தொடாமல் முடிக்க முடியாது. 2023இன் தமிழ்நாடு மின்வாகனக் கொள்கை 50,000 கோடி ரூபாய் முதலீட்டையும் ஒன்றரை லட்சம் வேலைகளையும் இலக்காகச் சொல்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 2019இலேயே மின்கார் பூட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் புகைக்குழாய் இல்லாத காரும் கார்தான். கார் என்பது எல்லோரும் வாங்கினால் எவருக்கும் பயன்படாத ஆடம்பரம் என்ற வாதத்தை 1973இல் ஆந்த்ரே கோர்ஸ் எழுதினார். மாலை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் இந்தச் சாலையில் நின்றால் அது விளங்கும். கம்பெனிப் பேருந்துக்குள் தொழிலாளி, அவர் பூட்டிய காருக்குள் வேறொருவர், இருவருமே நகரவில்லை. புகை மட்டும் ஊர் மாறுகிறது. மின்சாரத்தின் கரி எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பலாகிறது. ஏரிகளும் வயல்களும் நிறைந்த நிலத்தில்தான் இந்த ஆலைகளும் குடியிருப்புகளும் எழும்பின. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றங்கரைகளில் என்ன செய்தது என்பது குன்றத்தூர்க்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில் பார்த்தால் எங்கள் பையனின் டப்பா வண்டியும் திருவண்ணாமலைப் பெண்ணின் இஸ்திரி வண்டியும் ஆலைகளின் மின்காரைவிட ஆழமான பசுமை கொண்டவை என்பேன். அவை 25 கிலோமீட்டர் வேகத்தில் திருப்தி அடைகின்றன. இன்னொருவர் தூக்கி எறிந்ததை எடுத்துக்கொள்கின்றன. குறிப்பான ஒரு மனிதரின் குறிப்பான பாரத்தைக் குறைக்கின்றன. சந்தைக்காக அல்ல, அம்மாவுக்காகவோ தெருக்காரருக்காகவோ செய்யப்பட்டவை.

இதை எழுதும்போதே எனக்குள் ஓர் எச்சரிக்கை ஒலிக்கிறது. எழுத்தாளர்களாகிய நமக்குக் கைவேலைமேல் ஒரு ரொமாண்டிக் மயக்கம் உண்டு. சுத்தியலைத் தொடாதவர்கள்தான் பட்டறையைக் காவியமாக்குவோம். அதுவும் ஒருவகைப் பறிமுதல்தான். நாளிதழ் பையனை விருதாக்கினால் நாம் உருவகமாக்குகிறோம். ஆகவே உருவகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் சிலவற்றைக் கேட்போம். ஒரகடத்துச் சோதனை மையம் மாதத்தில் சில நாள்களாவது அரசுப் பள்ளி, ஐ.டி.ஐ. பிள்ளைகளின் வண்டிகளை இலவசமாகச் சோதித்து, எங்கே தவறு என்று சொல்லித்தரட்டும். சிறுவர் செய்யும் மெதுவேக வண்டிகளுக்கு எளிய, மலிவான சான்றுமுறை ஒன்று வரட்டும். பள்ளியின் டிங்கரிங் கூடத்தில் டிங்கரிங் பட்டறைக்காரர் சம்பளத்தோடு வந்து கற்பிக்கட்டும். தெருத் தொழிலாளருக்கான வண்டியென்றால் வடிவமைக்கும் மேசையில் முதல் நாற்காலி அந்தத் தொழிலாளருக்கு இருக்கட்டும். சங்கத் தோழர்களிடமும் ஒரு வார்த்தை: கூலியையும் நிரந்தரத்தையும் கேட்கும் கோரிக்கைப் பட்டியலில் யோசிக்கும் உரிமையையும் சேருங்கள். நாலு போல்ட்டுக்கு மேல் தெரிந்தவர்கள் அங்கே நிற்கிறார்கள்.

எங்கள் பையனின் மோட்டாரும் பேட்டரியும் அவன் வீட்டுப் பரணில் ஒரு சாக்கில் கிடக்கின்றன. 'வித்துடலாமேடா' என்றேன் சமீபத்தில். 'இல்லண்ணா, கெடக்கட்டும்' என்றான். அம்மா இப்போதும் காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டுதான் டப்பா கொண்டுபோகிறார்.